காய்வதும் இறுகுவதும்: மலையகத்து மழைக்குள் கட்டிய ஒரு போர்மேசை

பின்னணி

மலையகத்தில், தலவாக்கலையைத் தாண்டிய ஒரு சிறு நகரத்தில், ஐந்து பேர் சேர்ந்து மேசைப் போர் விளையாட்டுக்கான நிலக்காட்சி ஒன்றைக் கையாலேயே கட்டினோம். ஒரு ஏப்ரலில் தொடங்கிய வேலை அடுத்த ஆண்டு ஜூலையில்தான் முடிந்தது என்று சொல்லலாம். முதலில் கட்டியது முழுதாகக் கெட்டுப்போனது. இரண்டாவதாகக் கட்டியது இன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கண்டதை, மழை நாட்டில் இதே வேலையைத் தொடங்க நினைக்கும் மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

உயர்தர வகுப்பு படிக்கும் ஒரு தம்பி, ஒரு தங்கச்சி, போன் திருத்தும் கடையில் வேலை செய்யும் ஓர் இளைஞர், தோட்டத்தில் தச்சு வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர், வரலாறு படிப்பிக்கும் நான். இவ்வளவுதான் ஆட்கள். தச்சரை எல்லாரும் பாஸ் மாமா என்று கூப்பிடுவோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். வேலை நடந்த இடம் ஒரு வாசிகசாலையின் பின்னறை. தகரக் கூரை, வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல், வெயில் உள்ளே வராது.

வோர்கேம் ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் சதுரங்கம் மாதிரி கட்டம் கிடையாது. பொம்மை வீரர்களை அளவுகோல் வைத்து அங்குலக் கணக்கில் நகர்த்துவோம், மோதலின் முடிவைப் பகடை சொல்லும். காட்டுக்குள் போனால் நடை பாதியாகும், மேட்டில் நின்றால் தூரம் தெரியும், ஆற்றில் இறங்கினால் அணி குலையும். ஆகவே நிலம் வெறும் அலங்காரம் இல்லை, விளையாட்டில் பாதி அதுதான். 1812ல் பிரஷ்ய அரசருக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் செய்து கொடுத்த போர் விளையாட்டிலேயே, மேடு பள்ளங்கள் வார்த்த தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி நிலம் அமைக்கும் மேசைதான் இருந்தது. நாங்களும் தட்டு முறையையே எடுத்தோம். 2 அடிக்கு 2 அடியில் ஆறு தட்டு. சேர்த்து வைத்தால் 6 அடிக்கு 4 அடி மேசை.

போர்க்களமாகக் கன்னொறுவையைத் தேர்ந்தோம். 1638 மார்ச் 28ல், கண்டி நகரை எரித்துவிட்டுத் திரும்பிய தியோகு டி மெல்லோ டி காஸ்த்ரோவின் போர்த்துக்கேயப் படையைக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படை மகாவலிக் கரையில் வளைத்து அழித்த இடம். 33 போர்த்துக்கேயர்தான் உயிரோடு எஞ்சினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பிள்ளைகள் பேராதனைக்குச் சுற்றுலா போனபோது எதிர்க்கரையில் பார்த்த மலை அது. பார்த்த மலையையே மேசையில் கட்டலாம் என்பதில் எல்லாருக்கும் ஆசை.

பொம்மைகள் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. 165 செ.மீ. உயர மனிதர் அதில் 23 மி.மீ. வருவார். அந்தக் கணக்கைப் பிடித்தால் எங்கள் மேசையின் 4 அடி அகலம் உண்மையில் 88 மீற்றர் மட்டும்தான்; ஒரு மலைக்கும் ஆற்றுக்கும் அது போதாது. அதனால் ஆள், வீடு, மரம் மூன்றும் ஒரு அளவிலும் நிலம் அதைவிடச் சுருங்கிய இன்னொரு அளவிலும் இருக்கட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். இந்த விளையாட்டில் எல்லாரும் செய்துகொள்ளும் சமரசம்தான் இது.

முதல் கட்டுமானம்: ஏப்ரல், மே

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொடங்கினோம். காசு குறைவு. இணையத்தில் பார்த்த காணொளிகளைப் பின்பற்றி, கிடைத்த பொருளால் ஈடுகட்டினோம். அடித்தட்டுக்கு 3 மி.மீ. ஹார்ட்போட். மலைக்கு, குளிர்சாதனப் பெட்டி வந்த பொதியிலிருந்து எடுத்த ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பலகை. ஒட்டுவதற்கு பைண்டர் கம் என்னும் வெள்ளைப் பசை. மேல் தோலுக்குப் பழைய பத்திரிகைத் தாளும் கோதுமை மாப் பசையும். தரைக்கு ஆற்று மணலும், வீட்டில் மிஞ்சிய தேயிலைச் சக்கையும். காய்ந்த சக்கை காட்டுத் தரையின் சருகு மாதிரியே இருக்கும். தம்பிதான் அதைக் கண்டுபிடித்தார், இன்றும் அதைவிட நல்ல சருகை நான் பார்க்கவில்லை.

ரெஜிபோம் வெட்ட, போன் கடை இளைஞர் நிக்குரோம் கம்பியை மர வில்லில் இழுத்துக் கட்டி, 12 வோல்ட் மின்னில் சூடாக்கும் கருவி ஒன்று செய்தார். அருமையாக வெட்டியது. குளிருக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு மாலை முழுக்க வெட்டியதில் தங்கச்சிக்குத் தலைவலி வந்துவிட்டது. உருகும் ரெஜிபோமின் புகை நல்லதல்ல. அன்றிலிருந்து வெட்டுவதை வெளி இஸ்தோப்பில் மட்டுமே வைத்துக்கொண்டோம். அதே வாரம் தம்பி ஒரு தட்டில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தார். அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமை அங்கங்கே ஐந்து ரூபாக் குற்றி அளவு தின்றுவிட்டது. அந்தத் தட்டைத் திரும்பச் செய்தோம்.

மலைச் சரிவில் பிள்ளைகள் வரிசை வரிசையாகத் தேயிலை நட்டார்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கத்தரித்து, மேல்பக்கத்தைத் தட்டையாக வெட்டி, ஒவ்வொரு செடியும் 10 மி.மீ. உயரம். அறுநூறுக்கு மேல். தேயிலையைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மே கடைசியில் ஆறு தட்டும் முடிந்தன. ஆகஸ்ட் விடுமுறையில் ஆட்டம் என்று நாள் குறித்து, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குச்சி வைத்து அடுக்கி, மேலே ஒரு படங்கைப் போர்த்தினோம்.

ஜூன், ஜூலை: கண்டவை

தென்மேற்குப் பருவமழை அந்த வருடமும் தன் காலத்துக்கு வந்தது. எங்கள் பக்கம் மழை என்றால் கொட்டித் தீர்ந்துபோகும் மழை அல்ல. காலையில் தூறல், மதியம் பனிமூட்டம், இரவில் மழை, மறுநாளும் அதேதான். கொடியில் போட்ட துணி நான்கு நாளானாலும் கைக்குச் சில்லென்று இருக்கும். இதெல்லாம் எங்களுக்குப் புதிது இல்லை. இவ்வளவு தெரிந்தும் மேசை கட்டும்போது யாருக்கும் அந்த நினைப்பு வரவில்லை.

ஜூன் நடுவில் படங்கை எடுத்தபோது முதலில் வந்தது மணம். பழைய சாக்கு மணம். தேயிலைச் சக்கை தூவிய இடமெல்லாம் வெள்ளைப் பஞ்சு, அதற்குள் சாம்பல்பச்சைப் புள்ளிகள். பத்திரிகைத் தாள் தோல் விரலால் அழுத்தினால் அமுங்கியது. ஆறு தட்டிலும் மூலைகள் மேலே எழும்பியிருந்தன. மேசையில் வைத்து இரும்பு அளவுகோலைக் குறுக்கே பிடித்துப் பார்த்தோம்: மிகவும் மோசமான தட்டில் நடுவுக்கும் மூலைக்கும் 22 மி.மீ. வித்தியாசம், கிட்டத்தட்ட ஒரு பொம்மையின் உயரம். இரண்டு தட்டைச் சேர்த்து வைத்தால் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு தெரிந்தது.

ஆற்றுக்கு நாங்கள் பைண்டர் கம்மைக் கெட்டியாக ஊற்றியிருந்தோம். காய்ந்தால் கண்ணாடி மாதிரித் தெளியும் என்ற நம்பிக்கை. ஐந்து வாரம் கழித்தும் அது பால் நிறம் மாறாமல் இருந்தது.

எனக்கு எல்லாவற்றையும் விட அதிகம் சொல்லிக்கொடுத்தது அடுத்து நடந்ததுதான். கெட்ட தட்டு ஒன்றின் மலையைப் பெயர்த்துப் பார்க்கலாம் என்று பாஸ் மாமா உளியைக் கொடுத்தார். ரெஜிபோம் ஓரத்தில் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. ஒரு அங்குலம் உள்ளே போனதும் உளி வழுக்கியது. தூக்கிப் பார்த்தால், நடுவில் பைண்டர் கம் ஏப்ரலில் ஊற்றிய அதே ஈரத்தோடு, வெள்ளையாக, தொட்டால் விரலில் ஒட்டுகிற மாதிரி இருந்தது. ஓரம் மட்டும் காய்ந்து உள்ளே இருந்த ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. பத்து வாரம்.

தங்கச்சி விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சேர், காணொளியில இதெல்லாம் ஒரு ராத்திரியில காஞ்சிருச்சே?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் காரணம் தேடத் தொடங்கினோம்.

காரணம் தேடியது

அந்தக் காணொளிகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கிக்கொள்ளும் நாட்டுக்காரர்கள். சூடாக்கிய அறையின் காற்று வறண்டது, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எங்கள் அறையில் போன் கடை இளைஞர் கொண்டுவந்து வைத்த சின்ன ஈரமானி ஜூலையில் பகலிலும் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. பைண்டர் கம் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பசைத்துளிகள். தண்ணீர் வெளியே போனால்தான் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் தண்ணீர் எங்கே போகும்? அதிலும் ரெஜிபோமும் சரி, எண்ணெய் ஊறிய ஹார்ட்போடும் சரி, தண்ணீரைத் தாராளமாக உறிஞ்சாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய பசைக்கு வழியே இல்லை.

மூலை எழும்பியதற்குக் காரணத்தைப் பாஸ் மாமா பார்த்ததும் சொல்லிவிட்டார். "ஒரு பக்கம் மட்டும் தண்ணி குடிச்சா பலகை வளையத்தான் செய்யும், தம்பி. கதவுக்குப் பெயின்ட் அடிச்சா ரெண்டு பக்கமும் அடிக்கிறோம்ல?" ஆனாலும் பார்த்தே நம்புவோம் என்று மிஞ்சிய ஹார்ட்போடில் ஒரு அடிச் சதுரம் நான்கு வெட்டினோம். ஒன்று வெறும் பலகை. ஒன்றில் மேல்பக்கம் மட்டும் பைண்டர் கம். ஒன்றில் இரு பக்கமும். ஒன்றில் விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் எனாமல் பெயின்ட் அடித்து, அது காய்ந்த பிறகு மேலே பைண்டர் கம். நான்கையும் அதே அறையில் பத்து நாள் வைத்தோம்.

ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை முதல் நாள் நடுவில் மேலே புடைத்தது, ஈரம் குடித்த முகம் விரிந்ததால். பிறகு மெல்ல மெல்லக் காய்ந்த பசை சுருங்கி முகத்தை உள்ளே இழுக்க, ஆறாம் நாளுக்குள் திசை மாறி மூலைகள் எழும்பின. பத்தாம் நாள் 9 மி.மீ. இரு பக்கமும் பூசியது 2 மி.மீ. எனாமல் அடித்தது ஒன்றுக்கும் குறைவு. வெறும் பலகை ஒரு திசையிலும் சேராமல் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. தம்பி இதை ஒரு கொப்பியில் நாள் வாரியாக வரைந்து வைத்தார். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் திசை மாறியதைக் கவனித்தே இருக்க மாட்டோம்.

பூஞ்சைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாவும் சக்கையும் பூஞ்சைக்குச் சாப்பாடு, ஈரம் அதற்குத் தண்ணீர்.

எடுத்த முடிவுகள்

ஆகஸ்ட் ஆட்டத்தை நிறுத்தினோம். பிள்ளைகளுக்கு வருத்தம்தான். ஆனால் மழைக்குள் அவசரப்பட்டுத் திருத்தினால் திருத்தியதும் காயாது. ஆட்டத்தை மறு வருடம் மார்ச்சுக்குத் தள்ளினோம். எங்கள் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் ஓரளவு வறண்ட காலம், கன்னொறுவைப் போர் நடந்ததும் மார்ச்சில்தான்.

பழைய தட்டுகளைக் காப்பாற்றுவதா, எறிவதா என்று இரண்டு வாரம் பேசினோம். எங்களில் ஒருவருக்கு இழுப்பு இருந்தது, பூஞ்சைத் தூள் அவருக்கு ஆகாது. ஆகவே தாளும் சக்கையும் ஒட்டிய பகுதி எல்லாவற்றையும் முகமூடி போட்டுக்கொண்டு வெளியில் வைத்துப் பிய்த்து அப்புறப்படுத்தினோம். சுத்தமான ரெஜிபோமும் தேயிலைச் செடிகளும் மரங்களும் தப்பின.

அடுத்த முடிவுதான் முழு வேலையையும் மாற்றியது. ஒரு மாலை, என்னென்ன பொருள் கெட்டது, எது கெடவில்லை என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம். கெடாத பக்கத்தில் ஒரு சின்ன சுவர் இருந்தது: பாஸ் மாமா விளையாட்டாகப் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் வார்த்துத் தந்த இரண்டு அங்குலக் கல்மதில். அது மேயில் எப்படி இருந்ததோ ஜூலையிலும் அப்படியே இருந்தது. "இது ஏன் காஞ்சது?" என்று தம்பி கேட்டார். "அது காயலை, இறுகிச்சு" என்றார் பாஸ் மாமா. சீமெந்து கலக்கும் மேசன் பாஸ் மழையைப் பார்த்துப் பயப்படுவதில்லை, தண்ணீரை வெளியே விடுவதற்குப் பதில் சீமெந்து அதைத் தனக்குள் சேர்த்துக்கொண்டு கல்லாகிறது, பிளாஸ்டரும் அந்தச் சாதிதான் என்று விளக்கினார். வேதியியல் படிக்கும் தங்கச்சி கரும்பலகையில் சமன்பாட்டை எழுதிக் காட்டினார்: சூடாக்கி நீர் நீக்கிய ஜிப்சம், நீரைத் திரும்பப் பெற்று மறுபடி ஜிப்சமாகிறது.

உடனே பலகையில் புதிதாக இரண்டு நிரல் போட்டோம். தண்ணீரை இழந்து காயும் பொருள்: பைண்டர் கம், மாப்பசை, தாள்கூழ், தண்ணீர்ப் பெயின்ட். தனக்குள்ளேயே இறுகும் பொருள்: பிளாஸ்டர், சீமெந்து, இரண்டு குழாயில் வரும் எபொக்சி. சுப்பர் குளூ இதில் ஒரு தனி ரகம். அது காற்றின் ஈரத்தாலேயே இறுகும், மழை நாளில் இன்னும் வேகமாக. ஆனால் ரெஜிபோமை அரித்துவிடும், ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகவும் பூக்கும். ஆகவே அது கம்பிக்கும் கல்லுக்கும் மட்டும்.

விதி ஒன்று வைத்துக்கொண்டோம்: தாங்குகிற வேலை எல்லாம் இறுகும் பொருளுக்கு. காயும் பொருள் மேலே மெல்லிய பூச்சாக மட்டும் வரலாம், அதுவும் ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது.

தேயிலை பற்றிய முடிவு

இது வேறு விதமான பிழை, பொறுப்பு முழுக்க என்னுடையது. பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே நாள்களில் தங்கச்சி பாடப் புத்தகத்தோடு வந்து நின்றார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867. போர் நடந்தது 1638. எங்கள் மலையில் அறுநூறு தேயிலைச் செடி.

வரலாறு படிப்பிக்கும் நான் அதை நான்கு மாதம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மலை என்றால் எங்கள் கண்ணில் தேயிலையோடுதான் வருகிறது, அது இல்லாத மலையை நாங்கள் ஒருநாளும் பார்த்தது கிடையாது. தேயிலையோடு இன்னும் சிலதும் போக வேண்டியிருந்தது. கிரவில்லியா, யூகலிப்டஸ் இரண்டும் அவுஸ்திரேலிய மரங்கள், தோட்டங்களோடு பின்னால் வந்தவை. அவற்றின் நெட்டை உருவத்தை வைத்துத்தான் நாங்கள் பாதி மரங்களைச் செய்திருந்தோம். கன்னொறுவைக்கு எதிர்க்கரையில் உள்ள பேராதனைத் தோட்டத்துக்கே தேயிலைச் செடி 1824ல்தான் வந்தது.

தம்பிக்கு மனம் வரவில்லை. "அப்ப இது நம்ம மலை இல்லையா சேர்?" என்றார். அதற்கு நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தது 1820களில். இந்த மேசையின் காலத்துக்கு ஏறத்தாழ இருநூறு வருடம் பிந்தி. அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினோம். பேசி முடித்து எடுத்த முடிவு இது: போர்மேசையில் தேயிலை வராது, செய்த செடிகளும் குப்பைக்குப் போகாது. ஏழாவதாக ஒரு தட்டு செய்து, அதில் தேயிலை மலையும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான ஒரு லயமும் அமைப்போம். அது போர் விளையாட்டில் சேராது.

கன்னொறுவை மலைக்கு அடர்காடும் மானாப்புல்லும், அடிவாரத்தில் அடுக்கு வயலும் என்று திட்டம் மாறியது. அடுக்கு வயல் எங்களுடைய இன்னொரு பிரச்சினையையும் தீர்த்தது. முதல் மேசையில் சரிவை உண்மை மாதிரி வழவழவென்று செய்திருந்தோம், பொம்மைகள் அதில் நிற்காமல் சறுக்கின. படிப்படியாகச் செய்தால் நிற்கும், ஆனால் மலை கேக் மாதிரித் தெரியும். வயல் வரப்பு இயல்பாகவே படி. பொம்மையின் அடிக்கட்டை 20 மி.மீ. என்பதால் ஒவ்வொரு வயல் தட்டையும் 30 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் வைத்தோம்.

இரண்டாம் கட்டுமானம்: அக்டோபரிலிருந்து பெப்ரவரி

அடித்தட்டு 9 மி.மீ. பிளைவூட். கீழே நான்கு பக்கமும் குறுக்காகவும் பாஸ் மாமா சட்டம் அடித்தார். எல்லா முகமும், முக்கியமாக விளிம்பும், எனாமல் இரண்டு பூச்சு. ரெஜிபோமைத் தட்டோடு பிடிக்க, மூங்கில் குச்சிகளைக் குத்தி இறக்கி, அங்கங்கே எபொக்சி வைத்தோம். அதற்கு மேல், பாமசியில் வாங்கிய காயத்துணியைக் கீலமாக வெட்டி, பிளாஸ்டர் கரைசலில் முக்கி விரித்தோம். அரை மணிக்குள் தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது. வெளியே அன்று மழை.

பிளாஸ்டர் வேலையில் இரண்டு விஷயம். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், மாற்றிச் செய்தால் கட்டி தட்டும். தூள் தண்ணீருக்கு மேல் தீவு மாதிரி நிற்கத் தொடங்கும்போது போதும். குளிர் நாளில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்தால் சீக்கிரம் இறுகும், ஒரு சிட்டிகை உப்பும் அதையே செய்யும். இரண்டாவது, பிரித்த பையைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரமே தூளைக் கெடுத்துவிடும். எங்களுக்கு ஒரு பை அப்படிப் போனது. அதன் பிறகு மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தோம். கரைசலிலேயே மண்ணிறச் சாயத்தூள் கலந்ததால், பின்னால் எங்காவது பெயர்ந்தாலும் வெள்ளை பல்லிளிக்காது.

பெயின்ட் மட்டும் காய்ந்துதான் ஆக வேண்டும். அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் வைக்கலாம் என்ற யோசனை வந்தது, ரெஜிபோம் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் விட்டுவிட்டோம். வழி சொன்னவர் தங்கச்சியின் அப்பா. தேயிலை ஸ்டோரில் வேலை செய்பவர். ஒருநாள் மகளைக் கூட்டிப்போக வந்தவர், நாங்கள் தட்டுகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொழுந்தைக் குவிச்சு வச்சா வாடுமா சேர்? அழுகும். பரப்பிப் போட்டு, கீழ இருந்து காத்து விடணும். மழை நாள்னா அந்தக் காத்தைக் கொஞ்சம் சூடாக்கி விடுவோம்." ஸ்டோரில் வாடல் தட்டு வேலை செய்கிற விதம் அதுதான். வலை மேல் கொழுந்து, அடியில் காற்றாடி. காற்றை லேசாகச் சூடாக்கினால் அது இன்னும் அதிக ஈரத்தை ஏற்கும்.

பாஸ் மாமா பழைய கட்டில் சட்டத்தில் ரீப்பை அடித்து ஒரு தட்டி செய்தார். கீழே ஒரு சிறு மின்விசிறி, அதன் வாயில் 60 வாட் குண்டு பல்பு இரண்டு, சுற்றிலும் படங்கு. உள்ளே ஈரமானி அறுபதுக்கு இறங்கியது. முன்பு மூன்று நாளாகியும் பிசுபிசுத்த பெயின்ட் ஒரு இரவில் கை வைக்கும்படி காய்ந்தது. ஆள் இல்லாத நேரத்தில் இதை ஓடவிடுவதில்லை என்று கண்டிப்பு.

புல்லுக்குத் தேங்காய்த் தும்பை அரை அங்குலமாக நறுக்கிச் சாயம் போட்டோம். மானாப்புல்லின் வெளிறிய மஞ்சள் அதில் அப்படியே வந்தது, பூஞ்சையும் அதை அண்டவில்லை. ஆற்றோர மூங்கிலுக்கு ஈர்க்கில். சருகுக்குத் தேயிலைச் சக்கையையே மறுபடி எடுத்தோம், தம்பி விடவில்லை. ஆனால் இந்த முறை இரும்புச் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, தூவிய பிறகு மேலே வார்னிஷ் பூசி மூடினோம். ஆற்றைத் தட்டையாகக் கலங்கல் மண்ணிறத்தில் தீட்டி, அதன் மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை வெட்டிப் பதித்தோம். காயக் காத்திருக்க எதுவுமில்லை. வார்னிஷையும் தூரிகையால்தான் பூசினோம். ஸ்ப்ரே வார்னிஷ் ஈரக் காற்றில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

மரங்களைத் தட்டில் நிரந்தரமாக நடவில்லை. கன்னொறுவைக் காட்டை ஒழுங்கற்ற வடிவில் வெட்டிய பலகைத் துண்டுகளாகச் செய்து, மரங்களை அந்தத் துண்டுகளில் துளையிட்டுச் செருகினோம். காட்டுக்குள் படை நுழைந்தால் மரத்தைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பொம்மையை நகர்த்தலாம், காட்டின் எல்லையைத் துண்டின் விளிம்பே காட்டும்.

ஆடிய நாள்

மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில் மேசையை விரித்தோம். ஆறு தட்டும் சேர்ந்தன, ஓர் இணைப்பில் மட்டும் மூன்று மி.மீ. இடைவெளி. அதன் மேல் தும்புப் புல்லைத் தூவினோம்.

போன் கடை இளைஞர் போர்த்துக்கேயர் பக்கம், பிள்ளைகள் இருவரும் கண்டிப் படை. காலை பத்துக்குத் தொடங்கி மாலை நான்குக்கு முடிந்தது. போர்த்துக்கேயப் படை ஆற்றங்கரைப் பாதையைப் பிடித்து வெளியேறப் பார்த்தது. கண்டிப் படை காட்டுத் துண்டுகளுக்குள் இருந்துகொண்டு வயல் வெளியில் வந்தவர்களைச் சுட்டது. அடுக்கு வயலில் அணி கலையாமல் ஏற முடியாது என்பது ஆடும்போதுதான் இளைஞருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வரப்பிலும் நின்று நின்று போவதற்குள் பக்கவாட்டிலிருந்து அடி விழுந்தது. ஐந்தாம் சுற்றில் அவர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு மலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படி ஒரு இடத்துல வந்து மாட்டியிருக்காங்களே" என்றார். எத்தனையோ முறை வகுப்பில் சொன்ன போர் இது. கேட்ட ஒருவர் அந்த நிலத்தின் பக்கம் நின்று யோசித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பின்

உண்மையான சோதனை அடுத்த பருவமழை. ஜூனிலும் ஜூலையிலும் வாரத்துக்கு ஒருமுறை அளவுகோல் வைத்துப் பார்த்தோம். ஐந்து தட்டு அசையவில்லை. ஒன்றில், சட்டத்தின் ஒரு மூலையில் எனாமல் சரியாகப் படாத இடத்திலிருந்து பிளைவூட் 2 மி.மீ. எழும்பியது. சருகில் பூஞ்சை வரவில்லை.

குறையும் உண்டு. தட்டு ஒன்று ஐந்து கிலோவுக்குக் கிட்டத்தில் கனக்கிறது, பழையது அதில் பாதிகூட இல்லை. பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆட முடியாது. லயத்துக்குப் போகும் படிக்கட்டில் அதைத் தூக்கிக்கொண்டு இறங்குவது ஆபத்து. செலவும் முதல் தடவையைவிட இரண்டு மடங்குக்கு மேல். மூலைகளில் பிளாஸ்டர் பெயர்கிறது.

திரும்பக் கட்டினால் பிளாஸ்டர் துணியை மலை முழுக்க விரிக்க மாட்டோம். பொம்மை நிற்கும் வயலுக்கும் கை படும் விளிம்புக்கும் மட்டும் போதும். காடு மூடும் இடத்தில் ரெஜிபோம் மேல் நேரடியாக மெல்லிய பெயின்ட் தாங்கும் என்று ஒரு சிறு துண்டில் செய்து பார்த்துவிட்டோம். பிளைவூட்டையும் 6 மி.மீ.க்குக் குறைக்கலாம், சட்டம்தான் தட்டைப் பிடிக்கிறது. எந்த வேலைக்கும் முன்னால் ஒரு அடிச் சதுரத்தில் மாதிரி செய்து, மழை மாதத்தில் பத்து நாள் அதே அறையில் வைத்துப் பார்ப்போம். அந்தச் சோதனையைக் கட்டி முடித்த பிறகு செய்யாமல் கட்டுவதற்கு முன்னாலேயே செய்திருந்தால், ஒரு முழு மேசையும் பிள்ளைகளின் ஒரு ஆகஸ்ட் விடுமுறையும் மிஞ்சியிருக்கும். போர் எந்த வருடம் என்று எழுதியவுடன், அந்த வருடத்தில் அந்த மலையில் என்ன விளைந்தது என்று தேடுவதையும் இனி மரம் செய்வதற்கு முன்னாலேயே செய்வோம்.

ஏழாவது தட்டு வாசிகசாலையின் முன்னறையில் இருக்கிறது. பத்துக் காம்பரா (அறை) லயம், தகரக் கூரை, தண்ணீர் பிடிக்கும் பீலியடி, மேலே அறுநூறு செடி. கூரையைத் தம்பி டின்பால் பேணித் தகட்டில் மடித்துச் செய்தார். பத்திரிகை பார்க்க வரும் பெரியவர்கள் முதலில் அதன் பக்கம்தான் போகிறார்கள். போன வாரம் ஒரு ஆச்சி குனிந்து பார்த்துவிட்டு, கடைசிக் காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு கொய்யா மரம் இருந்திருக்க வேண்டுமே என்றார். தங்கச்சி கம்பி முறுக்கத் தொடங்கியிருக்கிறார்.